கூடை செய்து தந்த அக்காவுக்கு, ஒலிநூலகத்தார்

காணாத கண்களுக்குக் காதுவழியே கதை கொண்டு சேர்த்த கருணையே! பாதி வழியில் படுத்துக்கொள்ளும் கோப்புகளைத் தட்டியெழுப்பிப் பத்திரமாய்ப் போய்ச் சேரவைத்த பொறுமையே! சர்வர் அறைக் குளிரில் கம்பளிச் சட்டையும் கனிந்த சிரிப்புமாய்ச் சலிக்காது அமர்ந்திருந்த செம்மையே! வாசிப்போர்க்கும் கேட்போர்க்கும் நடுவே வாசலாய் நின்ற எங்கள் வலைத்தளப் பொறுப்பாளரே! பதவிப் பெயர் எதுவாயினும் எங்கள் வாயில் என்றும் அக்காவே!

வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு ஒலிப்பதிவுக் கூடத்தாராகிய எங்கள் தலையில் விழுந்தது. கணக்குப் பிரிவு நண்பர், "கணினிக் கடலேன்னு ஆரம்பிங்க, அடுத்து கோப்புக் குலக்கொழுந்தேன்னு போடுங்க, எடுப்பா இருக்கும்" என்றார். தாங்கள் மேடையிலேயே வாய்விட்டுச் சிரித்துவிடுவீர்கள் என்று அஞ்சி விட்டுவிட்டோம். சிரிக்கும் மனநிலையும் தாங்கள் விடைபெறும் இந்நாளில் எங்களுக்கு வாய்க்கவில்லை. நாளை அந்தச் சர்வர் அறையின் கதவைத் திறப்பவர் யார் என்ற கேள்விக்கு நிர்வாகம் இன்னும் விடை சொல்லவில்லை. தங்கள் இடத்துக்கு ஆள் எடுக்கப் போவதில்லை என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே இது பாராட்டு மடல்தான் என்றாலும், வாசிக்கிறவரின் குரல் இடையிடையே கம்மினால் பொறுத்தருள வேண்டுகிறோம்.

அக்கா! தாங்கள் இங்கே வந்து சேர்ந்தபோது இந்நூலகம் ஒலிநாடாவிலிருந்து கணினிக்கு மாறிக்கொண்டிருந்தது. பார்வையற்றோருக்காகப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்ய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓய்ந்திருந்த தாய்மார்கள் என்று பலரும் மனமுவந்து வந்தார்கள். வீட்டிலேயே பதிவும் செய்தார்கள். படிப்பது அவர்களுக்குப் பாரமாயில்லை. படித்ததை இங்கே அனுப்புவதுதான் பெரும்பாடாய் இருந்தது. சர்வரின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், அதற்கு மேல் ஓர் எண் என்று நாங்கள் தொலைபேசியில் ஒப்பிக்க ஒப்பிக்க, அந்தப் பக்கத்தில் பெருமூச்சு கேட்கும். நீண்ட பதிவொன்று மெல்ல மெல்ல ஏறிப் போய், முடியும் தறுவாயில் இணைப்பு அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எவ்வளவு கடினமான செய்யுளையும் தட்டுத் தடுமாறாமல் படிக்கக்கூடிய ஓர் ஆசிரியை, "படிக்கிறது நான் எவ்வளவு வேணா படிக்கிறேங்க. இந்த ஏத்தற வேலைய மட்டும் வேற யாரையாவது பண்ணச் சொல்லுங்க. பார்த்தாலே நெஞ்சு படபடங்குது" என்று சொல்லிப் பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டார்.

அந்த ஆசிரியையை எப்படியாவது திரும்ப அழைத்துவர வேண்டும் என்று தாங்கள் முடிவு கட்டினீர்கள். வலையில் இலவசமாய்க் கிடைத்த கோப்பேற்றும் கருவிகளை ஒவ்வொன்றாய் இறக்கி, கணினியில் நிறுவி, அவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தீர்கள். ஒன்றில் இரண்டு கட்டங்கள், இடப்பக்கம் நம் கணினி, வலப்பக்கம் சர்வர். எது எந்தப் பக்கம் என்று புரியாமல் ஒருவர் எதிர்த்திசையில் இழுத்துவிட்டு, போய்விட்டது என்று மகிழ்ந்திருந்தார். இன்னொன்று நல்ல கருவி. திறந்தாலோ விமானம் ஓட்டும் இடத்துக்கு வந்துவிட்டது போல் எங்கு பார்த்தாலும் பொத்தான்கள். வேறொன்று இலவசம் என்று இனிக்கப் பேசிவிட்டு, திரை முழுக்க விளம்பரத்தைக் கொட்டியது. கடைசியில், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று எழுதியவர்களே திறந்து வைத்திருந்த கருவி ஒன்று கிடைத்தது. அதன் உள்வேலையை வைத்துக்கொண்டு வெளித்தோற்றத்தைத் தாங்களே புதிதாய்ச் செய்தீர்கள். திரையில் ஒரு கூடைப் படம். பதிவை இழுத்து அதில் போட்டால் போதும். இணைப்பு அறுந்தால் கூடை காத்திருக்கும்; இணைப்பு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முகவரி கேட்காது, எண் கேட்காது, மிரட்டாது.

கூடை என்றே அதற்குப் பெயரிட்டீர்கள். ஆசிரியை திரும்பி வந்தார். "அட, இது எனக்கே புரியுதே!" என்று அவர் தொலைபேசியில் கூவியது அடுத்த அறையில் இருந்த எங்களுக்கும் கேட்டது.

பிறகு அந்தக் கூடை எங்கெங்கோ போயிற்று. தேனீ வளர்ப்போர் சங்கம் ஒன்று தன் படங்களை அதன் வழியே தளத்தில் ஏற்றியது. சிறு பத்திரிகை நடத்திய தம்பதியர் இதழ்களை ஏற்றினார்கள். விலை கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம் தாங்கள் ஒரே பதில் எழுதினீர்கள்: "எனக்கும் சும்மாதான் கிடைச்சுது. நீங்களும் சும்மாவே வெச்சுக்குங்க. தப்பு ஏதாவது கண்ணில பட்டா மட்டும் சொல்லுங்க." அத்தனை கடிதங்களுக்கும் நடுவே, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வாளி வைத்து, முன்பு சாமான் அறையாய் இருந்த அந்தச் சர்வர் அறையில் தாங்கள் அமர்ந்திருந்த காட்சி எங்கள் கண்ணைவிட்டு அகலாது.

இனி நாங்கள் சொல்லப்போவது பாராட்டு மடல்களில் வழக்கமாய் இடம்பெறாத செய்தி. இதை எழுதலாமா என்று தங்களைக் கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரியும். அதனால் தங்களைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வேறொருவரைக் கேட்டோம். அவர் இப்போது இதே கூடத்தில், முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அவருடைய கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராய் இருந்து ஓய்வு பெற்றவர். நம் கேட்போர் அவரை ரயில் ஐயா என்பார்கள். நின்று நிதானித்த குரல். ஒரு வாக்கியம் முடிந்தால் அடுத்ததற்கு முன் சிறிது இடம் விடுவார். எல்லாரும் ஏறியாயிற்றா என்று பார்க்கிறார் என்று கேட்போர் கேலி செய்வார்கள். முழங்கால் வலியால் நம் மாடிப்படி ஏற முடியாமல், வீட்டில் படுக்கையறை அலமாரியைத் திறந்துவைத்து, தொங்கும் துணிகளுக்குள் முகத்தை நீட்டியபடி பதிவு செய்தார். எதிரொலி வராமலிருக்க அதைவிட நல்ல கூடம் இல்லையாம். அவர் மனைவி மின்விசிறியை நிறுத்திவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, யாரும் அழைப்பு மணியை அழுத்தாதபடி வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். இருவருமாய்ச் சேர்ந்துதான் எத்தனையோ புத்தகங்களைப் படித்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

கடைசியாய் அவர் எடுத்தது கப்பலில் காணாமல் போன மகனைத் தேடிப் போகும் தகப்பனைப் பற்றிய பெருநாவல். வாரம் ஓர் அத்தியாயம் வெளியிட்டோம். கேட்போர் வாரம் முழுக்கக் காத்திருந்தார்கள். மகன் கிடைப்பானா மாட்டானா என்று தொலைபேசியில் கேட்பவர்களிடம் தாங்கள், "எனக்கும் தெரியாதுங்க, நானும் உங்கள மாதிரிதான்" என்பீர்கள். இறுதி அத்தியாயத்தைப் படித்துமுடித்து, கூடையில் போட்டு, அது சர்வருக்கு வந்து சேர்ந்த மறுநாள் ரயில் ஐயா நெஞ்சுவலியில் காலமானார். அந்த அத்தியாயத்தை அவரும், வாசலில் அமர்ந்திருந்த மனைவியும் தவிர வேறெவரும் கேட்டிருக்கவில்லை. துக்கத்துக்கு மரியாதையாய்ச் சில வாரங்கள் கழித்து வெளியிடலாம் என்று வைத்திருந்தோம்.

அந்த இடைவெளியில் வெளியூரிலிருந்து வந்த மகன், தாய்க்குப் புதுக் கணினி வாங்கித் தந்தார். பழையதைக் கடையில் கொடுத்துவிட்டார். அப்பாவின் பதிவுகள் எல்லாம் சர்வரில் பத்திரமாய் இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். அவர் நினைத்ததில் தவறேதும் இல்லை. புதுக் கணினியில் கூடையையும் நிறுவிவிட்டு ஊருக்குப் போனார்.

ஒரு மதியம், அந்த அம்மாவுக்குத் தன் கணவரின் கடைசி அத்தியாயம் ஒழுங்காய்ப் போய்ச் சேர்ந்ததா என்று சந்தேகம் வந்தது. கூடையைத் திறந்தார். அதில் ஒரு பொத்தான் இருந்தது. பதிவு அனுப்புவோர் பலரும் கேட்டுக்கொண்டதால், கணினியில் இருப்பதையும் சர்வரில் இருப்பதையும் ஒரே அழுத்தில் ஒரே மாதிரி ஆக்கித் தருவதற்காகத் தாங்கள் சேர்த்த பொத்தான். அதன் மேல் தாங்கள் எழுதியிருந்தது, ‘சரிபார்த்து ஒன்றாக்கு’. சரிபார்க்கத்தானே வந்தார்? அழுத்தினார். தொடரலாமா என்று கேட்டது. ஆம் என்றார். சற்று நேரத்தில், ‘முடிந்தது, இரண்டும் ஒன்றாக உள்ளன’ என்று திரை சொன்னது.

புதுக் கணினியில் எதுவும் இல்லை. அதனால் சர்வரில் அவருக்கென்று இருந்த இடத்திலும் எதுவும் இல்லாமல் போயிற்று. ரயில் ஐயா படித்த அத்தனை புத்தகங்களும் அழிந்தன.

சர்வருக்கு நகலெடுத்து வைக்கும் இன்னொரு கணினியும் நம்மிடம் இருந்தது. அது அன்று மாலையே தன் கடமையைத் தவறாமல் செய்து, அந்த வெறுமையையும் அப்படியே நகலெடுத்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்து அந்த அம்மா தொலைபேசியில் அழைத்தபோதுதான் தங்களுக்குத் தெரிந்தது.

"அம்மாடி, கூடைல ஒண்ணுமே தெரியலயே. அவர் படிச்சதெல்லாம் எங்க போச்சு?"

தாங்கள் பதில் சொல்லும் முன் சர்வரின் குறிப்புகளைத் திறந்து பார்த்தீர்கள். எந்தக் கணினியிலிருந்து, எந்தப் பொத்தானால் என்று அதில் இருந்தது. அருகில் நின்ற எங்களுக்குத் தங்கள் முகம் வெளுத்தது தெரிந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. எங்க சர்வர்ல ஒரு கோளாறு. நான் பார்த்துக்கறேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

பழைய கணினியைத் தேடி அன்றே கடைக்குப் போனீர்கள். கடைக்காரர் நல்லவர்தான். "அந்த டிஸ்க்கா மேடம்? சுத்தமா அழிச்சு வேற பெட்டில போட்டு வித்தாச்சே. யாருக்குன்னு கேட்டா, தினம் எத்தன பேர் வர்றாங்க, எங்கேர்ந்து ஞாபகம் வெச்சுக்கறது?" என்று கையை விரித்தார். தாங்கள் அந்தக் கடை வாசலில், சாலையோரத்து வாகனங்களுக்கு நடுவே, ஏதோ மறந்துபோனவர் போல் வெகுநேரம் நின்றிருந்ததாய் உடன் வந்த நம் ஓட்டுநர் சொன்னார்.

மிச்சமிருந்த வழி ஒன்றுதான். கேட்போர் தங்கள் கணினியிலும் கைப்பேசியிலும் இறக்கி வைத்திருப்பார்கள், அவர்களிடமே கேட்கலாம். தளத்தில் அறிவிப்புப் போட்டோம். ரயில் ஐயாவின் குரல் யாரிடம் இருந்தாலும் கூடை வழியே திருப்பி அனுப்புங்கள் என்று எழுதினோம். ஒருவரும் அனுப்பவில்லை. ஒரு வாரம் போயிற்று. கேட்போருக்கு அக்கறையில்லையோ என்று நாங்கள் முணுமுணுத்தோம்.

அப்போது ஒருவர் அழைத்தார். பிறவியிலேயே பார்வையற்றவர், ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பாளர்.

"மேடம், என்கிட்ட அவரோட புத்தகம் நிறைய இருக்கு. மூணு நாளா அனுப்பப் பார்க்கறேன். உங்க கூடை என்கிட்ட பேசவே மாட்டேங்குது."

"பேசலன்னா?"

"திரைல இருக்கறத எங்க கணினி வாசிச்சுக் காட்டும்ல, அதுக்குக் கூடைல ஒண்ணுமே தட்டுப்படல. கூடைங்கறது படம்தானே மேடம்? படத்துல நான் எங்கேன்னு போடறது?"

அக்கா, தாங்கள் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். பார்வையற்றோருக்கென்றே இயங்கும் நூலகத்தின் கருவி. அதில் பார்வையற்ற ஒருவர் ஒரு கோப்பைக்கூட ஏற்ற முடியாது. அத்தனை ஆண்டில் யாரும் முறையிடவில்லை, ஏனென்றால் அவர்களிடமிருந்து எதுவும் வரக்கூடும் என்று நம்மில் எவரும் எதிர்பார்க்கவில்லை. அழிந்த பதிவுகளுக்காகக் கலங்காத தங்கள் கண் அன்றுதான் கலங்கியது. "குடுக்கறவங்களுக்கு மட்டுமே கதவு வெச்சிருக்கேன். இவங்களும் குடுப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்லியே" என்றீர்கள்.

மறுநாளே கூடையைப் பிரித்துப் போட்டு வேலையைத் தொடங்கினீர்கள். அந்த இணைப்பாளர் தம் பணிநேரம் முடிந்து தினமும் அழைப்பார். தாங்கள் மாற்றி அனுப்பியதை முயன்று பார்த்துக் குறை சொல்வார். அவர் குறை சொல்லும் அழகே அழகு. "அக்கா, ‘இங்கே சொடுக்கவும்’னு நல்லா பேசுது. எங்கேன்னுதான் சொல்ல மாட்டேங்குது." இன்னொரு நாள், "இப்போ ரொம்பப் பேசுது அக்கா. எங்க வீட்டுக்காரிகூட ஒரு வேலைக்கு இவ்வளவு விளக்கம் சொல்ல மாட்டா." ஏச்சும் பேச்சுமாய்ச் சேர்ந்து அந்தக் கூடை வாய் திறந்தது. படமில்லாமல், சுட்டியில்லாமல், விசைகளாலேயே கோப்பைத் தேர்ந்து அனுப்பலாம். கோப்பு ஏற ஏற ஒரு மெல்லிய ஒலி மேலே போகும். முடிந்ததும் ‘வந்து சேர்ந்தது’ என்று சொல்லும். அந்த ஒலியைத் தேர்ந்தவர் அவர்தான்.

அதன் பின் வந்தன, அக்கா! அந்த நாட்களை நாங்கள் எப்படி மறப்போம்? தூக்கம் வருவதற்காகத் துண்டு துண்டாய் வெட்டி வைத்திருந்த அத்தியாயங்களை ஒருவர் அனுப்பினார். ஒலிபெருக்கியில் ஓடவிட்டுக் கைப்பேசியில் பிடித்ததை இன்னொருவர் அனுப்பினார். நடுவில் ஒரு குழந்தை அழுகிறது, யாரோ அதைத் தட்டிக்கொடுக்கிறார்கள். ஒரு மாமியார், ரயில் ஐயாவின் குரலைக் காலையில் எழுப்பும் மணியாக வைத்திருந்தாராம். மருமகள் அந்த மணியில் இருந்த நான்கு வரியையும் விடாமல் ஏற்றினார். தினமும் மாலையில் தங்களை அழைத்துப்போகக் கீழே வண்டியில் காத்திருக்கும் தங்கள் துணைவர், காத்திருந்த நேரமெல்லாம் கேட்டுக் கேட்டுத் தம் கைப்பேசியில் சேர்த்து வைத்திருந்தவை மட்டுமே மூன்று புத்தகங்கள். "சொல்லிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன்ல? என்கிட்ட யார் கேட்டா?" என்று அவர் படியேறி வந்து நின்றபோது தாங்கள் சிரித்தீர்கள், வெகுநாளைக்குப் பின் சிரித்தீர்கள்.

ஏறக்குறைய எல்லாமே திரும்பிவிட்டன. இறுதி அத்தியாயம் ஒன்று வரவில்லை. யாரும் கேட்டிராதது யாரிடமிருந்து வரும்?

திரும்பியவற்றை எல்லாம் ஒரு சிறு கருவியில் நிரப்பி எடுத்துக்கொண்டு தாங்கள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனீர்கள். அங்கே நடந்ததை அந்த அம்மாவே எங்களிடம் சொல்லி, படியுங்கள் என்று உத்தரவும் கொடுத்தார். அவர் கருவியை மடியில் வைத்துக்கொண்டாராம். இயக்கவில்லை.

"நான்தானே அழுத்தினேன்?"

தாங்கள் நிமிர்ந்து அவரைப் பார்த்தீர்கள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா. அழுத்தறதுக்கு முன்னாடி எல்லாம் இருந்துது. அழுத்தினதும் இல்ல. இது கூடவா புரியாது? நீ சர்வர்னு சொன்ன. சரி, இந்தப் பொண்ணு நமக்காகப் பொய் சொல்லுது, சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"நீங்க அழுத்தினீங்க. ஆனா எழுதினது நான்மா. சரிபார்னு எழுதி வெச்சா, சரிபார்க்க வர்றவங்க அழுத்தத்தானே செய்வாங்க? அழிச்சுடுவேன்னு அதுல ஒரு வார்த்த எழுதல நான்."

"சரி விடு."

"விட முடியலம்மா."

"எனக்கும்தான் முடியல. அதுக்காகத் தினம் ரெண்டு பேரும் உட்கார்ந்து அழ முடியுமா? கதை கேக்கறவங்க என்ன பாவம் பண்ணாங்க? அந்தப் பையன் கிடைச்சானா இல்லியான்னு தெரியாம எத்தன பேர் தவிச்சிட்டு இருக்காங்களோ. வேற யாரையாவது வெச்சுக் கடைசிய படிச்சுப் போட்டுடு. அவர் இருந்தா அதத்தான் சொல்லுவார்."

தாங்கள் திரும்பி வந்து, அந்த இறுதி அத்தியாயத்தைப் பிரெயிலில் அச்சிடச் சொன்னீர்கள். தொலைபேசி இணைப்பாளரை அழைத்தீர்கள். "நானா? நான் கேக்கற ஆளு அக்கா, படிக்கற ஆளா?" என்று அவர் திகைத்தார். முட்டைத் தட்டுகள் ஒட்டிய எங்கள் சிறு ஒலிக்கூடத்தில் அவர் அமர்ந்து, புள்ளிகளை விரலால் தடவித் தடவிப் படித்தார். குரலுக்கு அடியில் விரல் தாளில் உரசும் ஓசை மெல்லக் கேட்கிறது. அதை நீக்கிவிடட்டுமா என்று நாங்கள் கேட்டோம். கூடாது என்றீர்கள். பதிவைக் கூடையில் ஏற்றியதும் அவரே.

வெளியிடும் முன் ஓர் அறிவிப்பு வைக்க வேண்டியிருந்தது. ‘தவிர்க்க இயலாத காரணங்களால் இவ்வத்தியாயத்தை வேறொருவர் வாசிக்கிறார்’ என்று இயக்குநர் எழுதி அனுப்பினார். தாங்கள் அந்தத் தாளுடன் அவர் அறைக்குப் போனீர்கள். எவரிடமும் குரல் உயர்த்தாத தாங்கள் அன்றும் உயர்த்தவில்லை.

"தவிர்த்திருக்கலாம் சார்."

"அதெல்லாம் வெளில எதுக்கும்மா?"

"கேக்கறவங்களுக்குத்தான் சார் முதல்ல தெரியணும். தொலைச்சது அவங்களோடது."

ஒலிநூலகத்தின் வரலாற்றில் தன் தவற்றைத் தானே சொல்லிவிட்டுத் தொடங்கும் அத்தியாயம் அது ஒன்றே. ‘முன்னர் படித்தவரின் குரலை எங்கள் கருவியின் குறையால் இழந்துவிட்டோம், வருந்துகிறோம்’ என்று தங்கள் குரலே அதில் சொல்கிறது.

பொத்தானைத் தாங்கள் எடுத்துவிட்டீர்கள். ஒரே அழுத்தில் முடிந்த வேலை இப்போது நாலு அழுத்தாகிவிட்டது என்று வெளியிலிருந்து எத்தனையோ பேர் குறைபட்டு எழுதினார்கள். அழிப்பதற்குத் தனி இடம், அழிந்ததைச் சில காலம் வைத்திருக்கும் மறு கூடை, அழிக்கப் போகிறேன் என்று அப்பட்டமாய்ச் சொல்லும் சொல் என்று எல்லாம் செய்து, ஒவ்வொருவருக்கும் பொறுமையாய்ப் பதில் எழுதினீர்கள். எளிமையே பெரிதென்று எண்ணி ஒரு சொல்லை எளிதாய் எழுதிவிட்டேன் என்று அந்தப் பதில்களில் தாங்கள் எழுதியதைப் படித்தபோதெல்லாம் எங்களுக்கு நெஞ்சு கனத்தது. கூடையால் பயன்பெற்றவர்கள் ஆயிரம்பேர் வாழ்த்தியது தங்கள் காதில் ஏறவேயில்லை. தாங்கள் எதையும் சரியாய்ச் செய்தவராகத் தங்களை நினைத்துக்கொள்ளாமலே விடைபெறுவதுதான் இன்று எங்களுக்குள்ள பெரும் வருத்தம்.

அடுத்த மாதத்திலிருந்து கோப்புகளை ஏற்றப் புதிய வாடகைச் சேவை ஒன்று வருகிறது. கருவியே வேண்டாம், உலாவியிலேயே எல்லாம் முடியும் என்று விற்க வந்தவர் வெகு அழகாய் விளக்கினார். கூட்டத்தின் முடிவில் தாங்கள் ஒன்றுதான் கேட்டீர்கள்.

"அது பேசுமா?"

"அடுத்த பதிப்புல கண்டிப்பா வரும் மேடம்."

தாங்கள் தலையசைத்துவிட்டுக் குறிப்பை மூடிவைத்தீர்கள். அந்தத் தலையசைப்பை நாங்கள் பார்த்தோம், அக்கா. அந்த அடுத்த பதிப்பு வரும்வரை கூடைக்கான வழியை அடைக்கக் கூடாது என்று அன்று மாலையே எல்லாரும் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறோம். ஏற்பார்களா என்று தெரியவில்லை. தாங்கள் இங்கே இருந்தால் ஏற்கவைப்பீர்கள்.

அன்புக்குரிய அக்கா! இனியேனும் அந்தக் குளிரறையை மறந்து வெயில் படும் இடமாய்ப் பார்த்து அமருங்கள். வாசலில் காத்திருந்தே வயதைக் கழித்த தங்கள் துணைவரோடு, நேரம் பார்க்காமல் நினைத்த இடத்துக்குப் போய்வாருங்கள். கோப்பு ஏறவில்லை என்று யாரும் எழுப்பாத தூக்கமும், குறையாத உடல்நலமும், கூர்மையான செவியும், பேரப்பிள்ளைகளின் கூச்சலும் தங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும். தங்களிடம் நாங்கள் கற்றது கருவியை அல்ல; ஒரு பொத்தானுக்குச் சொல் எழுதும் முன் அதை அழுத்தப் போகிறவரின் முகத்தை நினைக்க வேண்டும் என்பதை. அதைக் கற்றும் எத்தனைமுறை மறப்போமோ, தெரியவில்லை.

சென்ற வாரம், தங்கள் கடைசி வாரத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து கூடைக்கு ஒரு கோப்பு வந்தது. அந்தக் கடற்பயண நாவலின் பெயர்தான் இருந்தது. அத்தியாய எண் இல்லை. தாங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டீர்கள். நாங்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றோம். சற்று நேரம் கேட்டீர்கள். ஏற்கெனவே வந்துவிட்ட அத்தியாயம் என்று தங்கள் முகத்திலேயே தெரிந்தது. "பரவால்ல, இதுவும் இருக்கட்டும்" என்று சொல்லி, அதை அழிக்காமல் சேமித்துவிட்டு, அனுப்பியவருக்கு நன்றி எழுதினீர்கள்.

அத்தியாய எண் இல்லாமல் இன்னொன்று வரக்கூடும். வராமலே போகலாம். வருகிற ஒவ்வொன்றையும் திறந்து கேட்டுவிட்டே உள்ளே வைப்போம் என்று இந்தக் கூடத்தில், அந்த அம்மாவின் முன்னிலையில், வாக்களிக்கிறோம். தாங்கள் வீட்டுக்குப் போங்கள் அக்கா. நாங்கள் கேட்கிறோம்.

தங்களைப் பிரிய மனமின்றி விடை தரும்,
ஒலிப்பதிவுக் கூடத்தார், பிரெயில் பிரிவினர், கணக்குப் பிரிவினர், ஓட்டுநர்,
மற்றும் தங்களை அக்கா என்றழைத்த அனைவரும்